ராசம்மா சிரித்த பக்கம்

ராகலையிலிருந்து நாலு கிலோமீட்டர் மேலே ஏறினால் ஊசிமலைத் தேயிலைத் தோட்டம். அதன் கீழ் டிவிசனில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள் ஜெயந்தினி. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினேழு பிள்ளைகள். பகல் சாப்பாட்டுக்கு வந்த அம்மாமார் மறுபடி மலைக்குப் போனதும், பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தால், ஒரு மணியிலிருந்து இரண்டரை மணி வரை மடுவத்தில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த நேரத்தில் ஜெயந்தினி ஜன்னலோரம் பலகையைப் போட்டு உட்கார்ந்து புத்தகம் வாசிப்பாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. உயர்தரம் வரை படித்துவிட்டு, கட்டுநாயக்காவில் ஒரு கார்மென்ட் பெக்டரியில் பதினொரு வருசம் வேலை செய்தாள். வாசிக்கும் பழக்கம் அங்கே தங்கியிருந்த போடிங்கில் பிடித்தது. பிறகு ஓட்டோ ஓட்டும் நிரஞ்சனைக் கட்டிக்கொண்டு ஊசிமலைக்கு வந்து ஒன்பது வருசமாகிறது.

புத்தகங்கள் சரிபுதீன் நானாவின் கடையிலிருந்து வரும். ராகலை டவுனில் கொப்பி, பேனை, பாடசாலைப் பை விற்கிற கடை அது. உள்ளே ஒரே ஒரு தட்டில் கதைப் புத்தகங்கள் இருக்கும். அதிலிருந்து புதிதாக வந்ததை அவர் ஜெயந்தினிக்கு இரவல் கொடுப்பார். பேப்பரில் உறை போட வேண்டும், பக்கத்தை மடிக்கக் கூடாது, வாசித்துவிட்டு உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும்தான் அவருடைய நிபந்தனை.

"இது ஓடுமா, தூசி புடிக்குமான்னு நீங்கதான் சொல்லணும், தங்கச்சி. எனக்கு இதையெல்லாம் வாசிக்க எங்க நேரம்?" என்பார்.

அவரிடம் சொன்னதையே அவள் முகநூலிலும் எழுத ஆரம்பித்தாள். 'வாசித்தவுடன்' என்று ஒரு பக்கம். கொழும்பில் இருக்கும் ஒரு வக்கீலின் நாவலைப் பற்றி எழுதினாள்: "இந்தக் கதையில் மழை பெய்யும்போதெல்லாம் ஒருவர் சாகிறார். எங்கள் பக்கம் வருசத்தில் எட்டு மாதம் மழை. இவர் சொல்கிறபடி பார்த்தால் ராகலையில் ஆளே இருக்கக் கூடாது." இன்னொரு நாவலைப் பற்றி: "கதாநாயகி கொழுந்துக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பறிக்கிறாள். எழுத்தாளர் தேயிலை மலையை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார்." படகில் வெளிநாடு போன ஒருவர் எழுதிய உண்மைக் கதை வந்தது. அதற்கு இப்படி எழுதினாள்: "கடலில் கிடந்த பதினெட்டு நாளை இருநூறு பக்கத்துக்கு எழுதியவர், அந்தப் பதினெட்டு நாளும் ஊரில் மனைவி என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி கூட எழுதவில்லை. ஆனாலும் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆறு பேர் பங்கு போடும் இடம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை."

சிரித்தவர்கள் உண்டு, கோபித்தவர்களும் உண்டு. எழுதியவர்கள் சிலர் முகநூலில் அவளை பிளாக் பண்ணிவிட்டார்கள். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பதுளை என்று எங்கெங்கோ இருந்து நானூறு பேர் போல அவளுடைய பக்கத்தைப் பார்த்தார்கள். முகத்துக்காக எழுதாதவள் என்று பேர். அந்தப் பேரில் ஜெயந்தினிக்கு உள்ளுக்குள் பெருமை இருந்தது.

மடுவத்தில் அவளோடு வேலை செய்தவள் ராசம்மா. வயது ஐம்பத்து மூன்று. முழங்கால் வலியால் மலை ஏற முடியாமல் போனதும், கஞ்சி காய்ச்சவும் கூட்டிப் பெருக்கவும் தோட்டம் அவளை இங்கே போட்டது. நாலு வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. ராசம்மா அப்படித்தான். பிள்ளைகளிடம் கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். அவள் சிரித்து ஜெயந்தினி பார்த்ததில்லை.

காரணம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருசத்துக்கு முன், ஒரு நவம்பர் மாதக் காலையில், மேல் டிவிசனில் மண் சரிந்து, வரிசையாக வீடுகள் இருந்த ஒரு லயத்தை மூடியது. ஏழு பேர் போனார்கள். அதில் ஒருத்தி ராசம்மாவின் மகள் வினோதா. ஒன்பது வயது. புருசன் அதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டதால் ராசம்மாவுக்கு இருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். அப்போது ஜெயந்தினி கட்டுநாயக்காவில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது.

இந்த வருசம் மாசி மாதம் சரிபுதீன் நானா ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இது ஒங்க தோட்டத்துக் கதை. ஹட்டன்ல கஜேந்திரன்னு ஒரு பேங்க் ஆபிசர் எழுதியிருக்காரு. நல்லாப் போகுது."

'மண் இறங்கிய காலை' என்று அட்டையில் இருந்தது. முதல் பக்கத்தில், "இது நடந்த கதை. பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன" என்று போட்டிருந்தார்கள். ஜெயந்தினி இரண்டு பகலில் வாசித்து முடித்தாள். ராசம்மா பின்கட்டில் சட்டி கழுவிக்கொண்டிருக்க, இவள் ஜன்னலோரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வாசித்தாள். புத்தகத்தில் வரும் தாய்க்குச் செல்லம்மா என்று பேர். ஒன்பது வயது மகளைப் பறிகொடுத்த தாய் அந்த லயத்தில் ஒருத்திதான். அது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரமே எழுதினாள். மற்றப் புத்தகங்களுக்கு எழுதியதைவிட நீளமாக எழுதினாள்.

"ஏழாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. செல்லம்மா வெறும் கையால் மண்ணைத் தோண்டுகிறாள். நகம் பிய்ந்து போகிறது. பிள்ளைக்குப் பாடின தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டே தோண்டுகிறாள். தமிழில் அண்மையில் நான் வாசித்த மிகச் சிறந்த பதினொரு பக்கம் இது. ஆனால் கடைசியில் எழுத்தாளர் சறுக்கிவிட்டார். மூன்றாம் நாள், எல்லோரையும் தங்கவைத்த பாடசாலையில், ஒரு டிவிக்காரன் சேற்றில் விழுவதைப் பார்த்துச் செல்லம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாளாம். பிள்ளையைப் புதைத்து ஒரு நாள் ஆகாத தாய் சிரிப்பாளா? இது தாய் மனசு தெரியாத ஆம்பிளை எழுதிய பக்கம். அந்தத் தாயை எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். இது அவளுக்குச் செய்த அநியாயம்."

பதிவு பரவியது. முன்னூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் கஜேந்திரனே கீழே வந்து எழுதினார்: "நன்றி சகோதரி. கடைசிப் பகுதி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பதிப்பு வேலை நடக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுகிறேன்."

ஜெயந்தினி அதை நிரஞ்சனுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். "பாத்தீங்களா? ஒரு எழுத்தாளர் எம் பேச்சக் கேட்டுப் புத்தகத்தத் திருத்துறாரு."

"ராசம்மா அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் நிரஞ்சன்.

"அவங்க போனெல்லாம் பாக்க மாட்டாங்க."

அடுத்த கிழமையே தெரிந்துவிட்டது. பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒருத்தி, "ராசம்மாக்கா, ஒங்க கதைய ஜெயந்தினி அக்கா போன்ல போட்டிருக்காங்களே, எல்லாரும் அழுகுறாங்க," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ராசம்மா பெருக்கி முடித்து, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பகல், பிள்ளைகள் தூங்கியதும், பின்கட்டிலிருந்து வந்து ஜெயந்தினிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொஸ்தகம் இருக்கா?"

"இருக்கு அக்கா."

"வாசி."

"வேணாங்க்கா. ஒங்களுக்கு மனசு கஷ்டமாப் போகும்."

"எனக்குத் தெரியாததையா எழுதியிருக்கப் போறாங்க? ஊரெல்லாம் வாசிக்கிறாங்க. நான் ரெண்டாம் வகுப்போட நின்னவ. நீ வாசி, நான் கேக்குறேன்."

மறுக்க முடியவில்லை. ஜெயந்தினி மெதுவான குரலில் வாசிக்கத் தொடங்கினாள். ராசம்மா காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். முதல் நாள் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் சொன்னாள். "லயத்துக்கு முன்னுக்கு முருங்க மரம் இல்ல, கொய்யா மரம்." "அந்தக் கெழவனுக்குக் காது கேக்காது, அவன் எப்பிடி மொதல்ல சத்தங் கேட்டான்?" "எம் மகளுக்கு ரெட்டச் சடை இல்ல, கிராப்பு வெட்டியிருந்தோம், பேனு." ஜெயந்தினிக்கு அதைக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. நாலு வருசத்தில் ராசம்மா இவ்வளவு பேசியதில்லை.

இரண்டாம் நாள் ஏழாம் அத்தியாயம் வந்தது. ஜெயந்தினி பதினொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். ராசம்மா அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

"நீங்கதான், அக்கா."

"நான் எங்க தோண்டுனேன்?"

ஜெயந்தினி கையிலிருந்த பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கி இங்கயே இல்ல, புள்ள. நுவரெலியாவுக்குப் பல்லு புடுங்கப் போயிருந்தேன். ரெண்டு கெழமையாக் கன்னம் வீங்கிக் கெடந்திச்சு. அஞ்சரை பஸ்ஸுல போனேன். இஸ்கூல் லீவு. எம் மக 'நானும் வர்றேன்'னா. குளிருது, படுத்துக்கிட்டு இருன்னுட்டுப் போனேன்." ராசம்மா நிறுத்தி, தூக்கத்தில் புரண்ட ஒரு பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். "திரும்பி வர்றப்போ கீழ் ரோட்டுல பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. நடந்து ஏறி வந்தேன். ஆமிக்காரங்க கயிறு கட்டி யாரையும் உள்ள விடல. வாயி நெறையப் பஞ்சு. பாதி மொகம் மரத்துப் போயி இருக்கு. 'எம் புள்ள உள்ள'ன்னு சொன்னா அவங்களுக்கு வெளங்கல. சிங்களத்துல சொல்லவும் வாயி வரல. பொழுது சாயிற வரைக்கும் அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான். அந்த மண்ணுல நான் கையே வைக்கல."

"அப்ப இந்தக் கதை..."

"தோண்டுனது மூக்கன். கான் வெட்டுறாரே, மேல் டிவிசன் மூக்கன். ஆமி வர்றதுக்கு முந்தியே தனியாத் தோண்டியிருக்காரு. மண்வெட்டி புள்ளைங்க மேல பட்ரும்னு கையாலயே தோண்டியிருக்காரு. எம் புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்து கயித்துக்கு இந்தப் பக்கம் குடுத்தது அவருதான். அவரு கைய நான் பாத்தேன். நெகம் இல்ல."

மூக்கனை ஜெயந்தினிக்குத் தெரியும். தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கான்களை வெட்டிச் சுத்தம் செய்கிறவர். கல்யாணம் கட்டாதவர். சம்பளம் போட்ட அன்று ரோட்டோரம் விழுந்து கிடப்பார், நிரஞ்சன் இரண்டொரு தரம் ஓட்டோவில் ஏற்றிவந்து விட்டிருக்கிறான். புத்தகத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை.

மூன்றாம் நாள் கடைசி அத்தியாயம். சிரிக்கும் பக்கம் வந்ததும் ஜெயந்தினி, "இத விட்டுருவோம்க்கா, இது சரியில்ல. நான் இதக் கண்டிச்சு எழுதிட்டேன். எடுத்துர்றேன்னு அவரும் சொல்லிட்டாரு," என்றாள்.

"வாசி."

வாசித்தாள். பாடசாலை வராந்தா. மழை. வெள்ளைச் சப்பாத்துப் போட்ட டிவிக்காரன் ஒருவன் ஒரு கையில் மைக், மறு கையில் குடை என்று முற்றத்தில் நின்று சோகமாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர்கிறான். காலுக்குக் கீழே கான் இருப்பது தெரியவில்லை. இடுப்பளவு சேற்றுக்குள் இறங்கிவிடுகிறான். இறங்கிய பிறகும் குடையைக் கீழே விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். வராந்தாவில் யாரும் அசையவில்லை. செல்லம்மா மட்டும் சிரிக்கிறாள். அவளால் நிறுத்த முடியவில்லை. வேறு விளக்கம் எதுவும் எழுதாமல் கஜேந்திரன் அத்தோடு முடித்திருந்தார்.

வாசித்து முடிக்கும்போது ராசம்மாவின் முகம் மாறியிருந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா அழுகையா என்று ஜெயந்தினிக்குத் தெரியவில்லை.

"அது நாந்தான்," என்றாள் ராசம்மா.

"அக்கா?"

"சிரிச்சேன். வந்திருச்சு, புள்ள. ரெண்டு நாளு ஒண்ணுமே வரல, அழுகையும் வரல. அவன் அப்பிடி இறங்கிட்டுக் கொடைய மட்டும் தூக்கிக்கிட்டு நின்னான் பாரு. வயிறு வலிக்கச் சிரிச்சேன். எல்லாரும் என்னயப் பாத்தாங்க. எம் புருசனோட தங்கச்சி அழகம்மா, 'நீயெல்லாம் ஒரு தாயா'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போனா. இன்னிக்கி வரைக்கும் எங்கூட மொகங்குடுத்துப் பேச மாட்டா. அதுக்கப்புறம் எனக்கே பயம். எனக்குள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு. யாரு முன்னுக்கும் சிரிக்கிறதில்ல."

வெளியே கொழுந்து லொறி ஒன்று இரைந்துகொண்டு மேலே ஏறியது. அது போகும் வரை ராசம்மா காத்திருந்தாள்.

"எழுதுனவரு அதத் தப்புன்னு சொல்றாரா?"

"இல்லக்கா. நடந்தத அப்பிடியே எழுதியிருக்காரு."

"திட்டலியே?"

"இல்ல."

"நீதான் தப்புன்னு எழுதியிருக்க."

ராசம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் சொன்னாள். ஜெயந்தினிக்கு முகம் சுட்டது. மடியில் கிடந்த புத்தகத்தை மூடினாள், திறந்தாள், திரும்ப மூடினாள். அந்தத் தாயை எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேன் என்று முன்னூறு பேருக்கு மேல் பகிர்ந்த வரி நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க்கா," என்றாள். "நாந்தான்."

அன்று மாலை நிரஞ்சன் தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளதைச் சொல்வதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் சொன்னாள். நடந்ததைப் பொய் என்றும், நடக்காததை மிகச் சிறந்தது என்றும் எழுதியிருக்கிறேன். அதை விட மோசம், அழகம்மா பன்னிரண்டு வருசத்துக்கு முன் சொன்னதையே நான் நல்ல தமிழில் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப அவருக்கு போனப் போடு," என்றான் நிரஞ்சன். "புத்தகம் அச்சுக்குப் போயிருச்சுன்னா பெறகு பேசி வேலையில்ல."

கஜேந்திரனை அவள் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். ராசம்மாவிடம் கேட்டபோது, "வரட்டும். ஆனா வீட்டுக்கு வேணாம். மடுவத்துக்கு வரச் சொல்லு," என்றாள்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலை நரைத்து, தோளில் பை போட்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத மடுவத்தில் மூவரும் சின்னப் பலகைகளில் உட்கார்ந்தார்கள். ராசம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"ஒங்கள எனக்கு ஞாபகம் இருக்கும்மா. அந்த இஸ்கூலுக்கு நாங்க பேங்க்ல சேர்ந்து சோத்துப் பார்சல் கொண்டுவந்தோம். நீங்க சிரிச்சப்போ நான் வராந்தாவுல நின்னேன். அன்னிக்கி இருந்து அது என் மனசுல கெடந்திச்சு. அத எழுதணும்னுதான் இந்தப் புத்தகத்தையே ஆரம்பிச்சேன்."

"அப்ப ஏன் சேர் அத எடுக்குறேன்னு சொன்னீங்க?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க எழுதினத எல்லாரும் ஆமோதிச்சாங்க. ஒரு பொம்பள, அதுவும் அதே தோட்டத்துல இருக்கிறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எனக்கே நான் பாத்ததுல சந்தேகம் வந்திருச்சு."

"தோண்டுனது?"

"அது நான் பாக்கல. மொத நாள் நான் வரல. யாரோ கையால தோண்டினாங்கன்னு பலபேர் சொன்னாங்க. தாய்தான் தோண்டியிருப்பான்னு நானே முடிவு பண்ணிட்டேன். தாய் தோண்டினா வாசிக்கிறவங்க அழுவாங்க." ஜெயந்தினி பக்கம் திரும்பி, "நீங்களும் அழுதீங்கதானே?" என்றார்.

"அழுதேன், சேர்," என்றாள் ஜெயந்தினி.

ராசம்மா இவ்வளவு நேரமும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்க நல்லாத்தான் இருந்திச்சு, சேர்," என்றாள். "நான் செஞ்சிருக்கக் கூடாதான்னு நெனச்சதெல்லாம் அந்தச் செல்லம்மா செய்யிறா. அது அப்பிடியே இருக்கட்டுமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். ஆனா மூக்கன் இன்னும் உசுரோட இருக்காரு. அவரு கைய எடுத்து நான் எப்பிடி எனக்குப் போட்டுக்கிறது? நான் கயித்துக்கிட்ட நின்னேன். அத எழுதுங்க. சிரிச்சத எடுக்காதீங்க."

"ஒங்க பேரையே போடவா?"

"வேணாம் சேர். செல்லம்மாவே இருக்கட்டும். அவ சிரிக்கட்டும்."

பிறகு ஜெயந்தினியும் கஜேந்திரனும் நிரஞ்சனின் ஓட்டோவில் மேல் டிவிசனுக்குப் போனார்கள். மூக்கன் தன் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"ராசம்மா சொன்னிச்சா?"

"ஆமாங்க," என்றாள் ஜெயந்தினி.

"அப்ப அது சொன்னதையே எழுதிக்கங்க. என்கிட்டக் கேக்காதீங்க. எனக்கு அத நெனைக்க ஏலாது."

கஜேந்திரன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். மூக்கன் மறுபடி குனிந்துவிட்டார். இவர்கள் வாசல் வரை வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பேரு மாத்துவீங்களோ?"

"வேணும்னா மாத்தலாம். எல்லாருக்கும் மாத்தித்தான் இருக்கு."

"எனக்கு மாத்தாதீங்க. மூக்கன்னே போடுங்க."

அன்றே ஜெயந்தினி தன் பக்கத்தில் எழுதினாள். பழைய பதிவை அழிக்கவில்லை. அழித்தால் அது ஒளிப்பது போலாகும் என்று நினைத்தாள். "போன மாதம் நான் எழுதியது பிழை," என்று ஆரம்பித்தாள். "அந்தத் தாயை எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தேன். தெரியாது. அவர் சிரித்தார். அந்தப் பக்கம்தான் இந்தப் புத்தகத்தில் மிக உண்மையான பக்கம். தாய் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று புத்தகங்களில் படித்ததை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எழுத்தாளர் சரியாகப் பார்த்ததை அவரே சந்தேகிக்கும்படி செய்துவிட்டேன். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." பதிவிடுவதற்கு முன் ராசம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். "மன்னிப்பெல்லாம் எதுக்கு?" என்று மட்டும் ராசம்மா கேட்டாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் பதிவை நாற்பத்தொரு பேர் விரும்பினார்கள். மூன்று பேர் பகிர்ந்தார்கள். முந்தியதுதான் நன்றாக இருந்தது என்று ஒருவர் எழுதினார். எழுத்தாளர் உன்னை விலைக்கு வாங்கிவிட்டாரா என்று இன்னொருவர் கேட்டார். ஜெயந்தினி யாருக்கும் பதில் எழுதவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் போல வேறு எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவள் எழுதவில்லை. சரிபுதீன் நானா இரண்டு நாவல் கொடுத்துவிட்டுக் கேட்டபோது, "வாசிச்சேன் நானா. ஒண்ணும் சொல்லத் தோணல," என்றாள்.

"அதையே எழுதுங்களேன்," என்றார் அவர். அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

இரண்டாம் பதிப்பு ஆவணி மாதம் வந்தது. கஜேந்திரன் தபாலில் இரண்டு பிரதி அனுப்பியிருந்தார். சிரிக்கும் பக்கம் அப்படியே இருந்தது. கொய்யா மரமும் கிராப்பு வெட்டிய தலையும் வந்திருந்தன. ஏழாம் அத்தியாயம் பதினொரு பக்கத்திலிருந்து நாலு பக்கமாகக் குறைந்திருந்தது. மூக்கனைப் பற்றி ஒரு பந்தி. மீதியெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண். பஸ் நிற்கிறது, நடக்கிறாள், நிற்கிறாள், மழை விடுகிறது, மறுபடி பெய்கிறது, நிற்கிறாள்.

பகல் தூக்க நேரத்தில் ஜெயந்தினி அதை ராசம்மாவுக்கு வாசித்தாள். முடித்ததும் ராசம்மா கேட்டாள்.

"எப்பிடி இருக்கு?"

ஜெயந்தினி தயங்கினாள். இந்த நாலு பக்கத்துக்காகத்தான் இத்தனையும் நடந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் வாசிக்கும்போது அவளுக்குக் கண் கலங்கவில்லை. நடுவில் ஒரு தரம் கடிகாரத்தைக் கூடப் பார்த்தாள்.

"பழசு அளவுக்கு இல்லக்கா," என்றாள். "வாசிக்கச் சலிப்பா இருக்கு. நின்னுக்கிட்டே இருக்காங்க. ஒண்ணுமே நடக்கல."

ராசம்மா தலையசைத்தாள்.

"அன்னிக்கி அப்பிடித்தான் இருந்திச்சு," என்றாள். "ஒண்ணுமே நடக்கல, புள்ள. நின்னுக்கிட்டே இருந்தேன். சரியா எழுதியிருக்காரு."

கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, பின்கட்டுக்குப் போய், தன்னுடைய துணிப்பைக்குள் அதை வைத்துவிட்டு வந்தாள். பாயில் இரண்டு பிள்ளைகள் விழித்துச் சிணுங்கத் தொடங்கியிருந்தன. ஒன்றை ஜெயந்தினி தூக்கினாள், மற்றதை ராசம்மா தூக்கினாள்.